வலது சீட்டு அண்ணன்

"ஏன் இன்னும் கேப்டன் ஆகலை?" என்று பியோ இன்சோக்கிடம் கேட்டால், கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு பதில் வைத்திருப்பார். மாமியார் கேட்டால் பழி கண் டாக்டர் மேல் விழும். கூட விமானம் ஓட்டுகிறவர்கள் கேட்டால், "கேப்டன் சம்பளம் மொத்தமும் தலைவலி மாத்திரைக்கே போயிடும்டா" என்று ஒரு சிரிப்பு. கம்பெனியில் கேட்டபோது மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "வீட்டுல மனைவிக்கு நான் பக்கத்துல இருக்கணும் சார்" என்றார்.

மனைவி மிரானுக்கு அப்படி ஒரு தேவையும் இருந்ததில்லை. கிம்போவில் சொந்தமாக முடி திருத்தும் கடை நடத்துகிறவள். அவள் பரபரப்புக்கு நடுவில் அவர் வீட்டிலிருப்பதுதான் இடைஞ்சல். மாமியார்தான் பாவம். சர்ச்சில் யாராவது, "உங்க மாப்பிள்ளை கேப்டனா?" என்று கேட்டால், "கேப்டனுக்குப் பக்கத்துல உக்கார்றவரு" என்பாள். மாப்பிள்ளை என்னவோ கேப்டனின் சாப்பாட்டுப் பை மாதிரி.

ஓட்டத் தெரியாதவர் இல்லை இன்சோக். கையும் கண்ணும் பல கேப்டன்களைவிடச் சுத்தம். "இப்படி இருக்கு கேப்டன்" என்று நிலவரத்தைச் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொள்வதில் அவருக்கு ஒரு சுகம். அதற்கப்புறம் வருகிற முடிவு அடுத்தவருடையதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். கேப்டன் பயிற்சிக்கு முறை வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றார். பின்னால் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேப்டனின் இடது சீட்டுக்குப் போக, நாற்பத்தேழு வயதிலும் அவர் வலது சீட்டிலேயே துணை விமானியாக உட்கார்ந்திருந்தார்.

அப்படிப் போனவர்களில் கடைசி ஆள் நாம் கிசோப். பயிற்சிப் பள்ளியில் இன்சோக்கின் ஜூனியர். இறக்கவும் ஏற்றவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர். முதல் கோப்பை சோஜு சாராயம் ஊற்றிக் கொடுத்தவரும் இவரே. இன்றைக்கும் அண்ணன் எதிரில் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிப்பான். அவன் கேப்டன் ஆன புதிதில், ஜேஜூ தீவுக்குப் போகிற விமானத்தில் இருவரையும் சேர்த்துப் போட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் கிசோப்பே காபி வாங்கி வந்து நீட்டினான். பணிப்பெண்களின் தலைவி வாயைப் பிளந்தாள். "கேப்டனே காபி கொண்டு வர்றாரு. அப்ப இவரு யாரு, விமானத்துக்கே ஓனரா?"

"டேய், நீ கேப்டன்டா. கால் மேல கால் போட்டு உக்காரு" என்றார் இன்சோக்.

"உங்க முன்னாடியா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா முதுகுல நாலு வைப்பாங்கண்ணே."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜேஜூவில் அன்று மலையிலிருந்து காற்று தாறுமாறாகச் சரிந்து வந்தது. கிசோப் இறக்கினான். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தபோதே விமானம் ஒரு பக்கம் இழுக்க, அவன் மறுபக்கம் இழுக்க, வேகமும் உயரமும் கட்டுக்குள் நிற்கவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு சொல் இருக்கிறது. 'கோ அரவுண்ட்.' இறங்காதே, திரும்ப மேலே ஏறு. இரண்டு சீட்டில் யார் சொன்னாலும் சரி, மறுபேச்சில்லாமல் ஏறிவிட வேண்டும். அதுதான் விதி.

சொல் இன்சோக்கின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றும்விட்டது. அண்ணன் வாயிலிருந்து வந்தால் அது கட்டளை ஆகிவிடும். கேப்டன் ஆன முதல் மாசமே, அண்ணன் சொல்லித்தான் ஏறினான் என்று ஊர் பேசும். அவனாகவே ஏறட்டுமே.

கிசோப் ஓரக்கண்ணால் ஒரு தடவை அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பேசாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனே சும்மா இருக்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும்.

விமானம் தரையில் போய் அறைந்தது. ஒருமுறை துள்ளி மறுபடியும் அறைந்தது. மேலே ஒரு பெட்டி திறந்துகொண்டு, அதிலிருந்து விழுந்த பை ஒரு பெண்ணின் தோளைப் பதம் பார்த்தது. சக்கரங்களைத் தாங்கும் கால்களைச் சோதிக்காமல் இனிப் பறக்கக் கூடாது என்று விமானத்தை ஓரங்கட்டினார்கள்.

கிசோப் வாசலில் நின்று, இறங்கிய ஒவ்வொருவருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டான். தோளைப் பிடித்துக்கொண்டே வந்த பெண், "இது இறங்குறதா, விழுறதா?" என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். இன்சோக் உள்ளே உட்கார்ந்து, ஏற்கெனவே அணைத்த சுவிட்சுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிற்பது கேப்டன் வேலை. தான் கேப்டன் இல்லை.

அன்று சாயங்காலம் தங்கிய இடத்தில் கிசோப்பே வந்து கதவைத் தட்டினான்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. உங்களையும் இதுல இழுத்து விட்டுட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி சமாளிச்சுடலாம்னு நினைச்சுட்டேன்."

குத்திக்காட்டவில்லை அவன். நிஜமாகவே மன்னிப்புக் கேட்டான். இன்சோக்கால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "போய்த் தூங்குடா" என்று மட்டும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் நேரே மிரானின் கடைக்குத்தான் போனார். ஒரு பெண்மணிக்குத் தலை நிறையச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தாள் மிரான். இவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கை வேகம் குறைந்தது.

"ஒரு வார்த்தை. சொல்ல முடியலையாங்க?"

"அவன் மானம் போயிடுமேன்னு…"

"அவன் மானமா, உங்க சௌகரியமா? அன்னிக்குக் கம்பெனில என் பேரைச் சொல்லித் தப்பிச்சீங்க. இன்னிக்கு அவன் பேரு கிடைச்சுதாக்கும்!"

தூங்குவது போல் கண்ணை மூடியிருந்த பெண்மணி, "அப்படிப் போடு" என்று முணுமுணுத்தாள்.

விசாரணையில் கிசோப், தப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனைத் திரும்ப வலது சீட்டுக்கே இறக்கிவிடுவது என்று பேச்சு. கடைசியாக, விமானிகளுக்கெல்லாம் தலைவரான பாங், இன்சோக்கைக் கூப்பிட்டார்.

"ஒலிப்பதிவைக் கேட்டேன். உங்க குரலே இல்லை. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது சார் என்றால் நம்பியிருப்பார்.

"தெரிஞ்சது சார். ரொம்ப முன்னாடியே. சொல்லலை. அவன் எனக்காகக் காத்திருந்தான். நான் அவனுக்காகக் காத்திருந்தேன்."

"இடப்பக்கம் நீங்க இருந்திருந்தா?"

"ஏறியிருக்கணும். அது தெரியுது."

"இவ்வளவு தெரிஞ்சவரு ஏன்யா இடப்பக்கம் வரமாட்டேங்கிறீரு? மனைவியா?"

"மனைவி இல்ல சார். முடிவு எடுக்க பயம்."

பாங் மேஜையிலிருந்த பயிற்சி அட்டவணையைப் புரட்டினார். "அடுத்த பயிற்சிக்கு இடம் இருக்கு. வாங்க. பயம் போயிடும்."

"வேண்டாம் சார். வலதுலயே இருக்கேன். ஆனா அங்க உக்காந்து இனிமே யாருக்கும் அண்ணனா இருக்க மாட்டேன்."

கிசோப்பின் இடது சீட்டு தப்பித்தது. இன்சோக்குக்குக் கண்டனமும், கொஞ்ச நாள் தரைவாசமும். பிறகு இருவரையும், தரையில் இருந்தபடியே பறக்கப் பழக்கும் பயிற்சிக் கூண்டில் உட்காரவைத்து, அதே ஜேஜூ, அதே காற்று. ஓடுபாதை கோணலாக வந்ததுமே இன்சோக், "கோ அரவுண்ட், கேப்டன். ஏறுங்க" என்றார்.

'ஏறுங்க' காதில் விழுந்ததும் கிசோப்புக்குக் காது மடல் சிவந்தது. ஆனால் கை தயங்கவில்லை. ஏற்றிவிட்டான்.

மதியம் வழக்கமான பன்றிக்கறி சூப் கடை. இரண்டு கிண்ணமும் வந்தன. பெரியவர் கரண்டியை எடுக்கட்டும் என்று கிசோப் காத்திருந்தான். பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன், நீங்க எடுங்க."

"அண்ணே, விளையாடாதீங்க. இது விமானம் இல்ல, சூப்பு."

"பழகணும்ல."

"ஆறிடும்ணே!"

"ஆறட்டும்."

கடைக்கார அம்மா அந்தப் பக்கம் போகும்போது, "என்ன, சூப்புல ஏதாச்சும் கிடக்கா?" என்றாள். வேறு வழியில்லாமல் கிசோப் முதல் வாய் எடுத்தான். பழக்கதோஷத்தில் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

விழுங்கிவிட்டு, கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டான். "பாங் சார் இவ்வளவு சொல்லியும் ஏண்ணே வேண்டாம்னீங்க?"

கண் டாக்டர், தலைவலி மாத்திரை, மிரான், எல்லாம் ஒரு சுற்று வந்துபோனது. இவனுக்குத் தகுந்த பதில் எதுவும் அதில் இல்லை.

"பயம்டா."

"எனக்கும்தாண்ணே" என்றான் கிசோப். "ஒவ்வொரு தடவையும்."

இன்சோக் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கிண்ணத்திலிருந்த கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டார். அவன் போதும் போதும் என்றான். அவர் நிறுத்தவில்லை.