ஹோபர்ட் கௌடிலின் இடது இடுப்பு

ஹோபர்ட் கௌடில் யாருடைய தலையையும் சுற்றி வந்து முடி வெட்டுவதில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு நாற்காலியைத்தான் திருப்புவார். வலது காதோரம் முடிந்ததும் முழங்கையால் ஒரு தள்ளு, பிடரி வந்துவிடும். இன்னொரு தள்ளு, இடது காது. உட்கார்ந்திருப்பவருக்குச் சுவரில் தொங்கும் மான் கொம்பு, காலண்டர், தெரு, மறுபடியும் மான் கொம்பு என்று வரிசையாகத் தெரியும். "மெதுவாத் திருப்புய்யா, காலையில தின்னது மேல வருது" என்று யாராவது முனகினால், "கண்ணை மூடிக்க" என்பார்.

பிக்கெட் ஃபோர்க்கில் அவருடையது ஒன்றுதான் சலூன். கென்டக்கி மலைகளுக்கு நடுவே ஓடையோரமாக ஒரே ஒரு தெரு உள்ள ஊர். முதல் தடவை வருகிறவரிடமும் "எப்பவும் போலத்தானே?" என்றுதான் கேட்பார். கண்ணாடிக் குடுவையில் பெப்பர்மின்ட் மிட்டாய் வைத்திருக்கிறார். முடி வெட்டும்போது அழுத பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். சமர்த்தாக உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எதற்கு ஆறுதல் என்பது அவர் கட்சி. மத்தியானம் அவர் மனைவி ஐவா கொடுத்தனுப்பும் அவித்த பயறையும் சோள ரொட்டியையும் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு.

நாற்காலியைத் திருப்புவதற்கும் நின்றபடி சாப்பிடுவதற்கும் காரணம் அவருடைய இடது இடுப்பு. உள்ளே இருக்கவேண்டிய மெத்தை தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று படம் எடுத்துப் பார்த்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் கேட்டவர்களிடம் ஹோபர்ட் சொன்னது வேறு. "வான்கோழி வேட்டைக்குப் போன எடத்துல வழுக்கிடுச்சு. சுளுக்குதான்." அந்தச் சுளுக்குக்கு இரண்டு வயதாகியிருந்தது.

டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஹோபர்ட்டிடம் இருந்தது, வருமானம் போதாதவர்களின் வைத்தியச் செலவுக்கு அரசாங்கம் கொடுக்கும் மெடிக்கல் கார்டு. சுரங்கங்கள் மூடி, ஆட்கள் ஊரைவிட்டுப் போய், வெட்டுவதற்குத் தலைகள் குறைந்த வருஷம் ஐவாதான் இரண்டு பேருக்கும் அதை எழுதி வாங்கினாள். அந்தக் கார்டை வாங்கிக்கொள்ளும் எலும்பு டாக்டர் பக்கத்தில் யாரும் அகப்படவில்லை. ஒரு இடத்தில் கார்டு எடுப்பதில்லை என்றார்கள். ஒரு இடத்தில் எடுப்போம், புது நோயாளி வேண்டாம் என்றார்கள். கார்டு ஆபீஸ்காரர்கள் கொடுத்த எண் ஒன்றைக் கூப்பிட்டால், அந்த டாக்டர் ஃபுளோரிடாவுக்குப் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். லெக்சிங்டன் நகரத்தில் எடுப்பார்களாம், அடுத்த வசந்தத்துக்கு மேல். அதுவரை தாங்கினாலும், மலைப்பாதையில் அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்துபோக அந்த இடுப்பு இடம் கொடுக்காது. ஐவாவோ பெரிய சாலையில் வண்டி ஓட்டமாட்டாள்.

அதனால் கடையிலிருந்தே ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். அலைபேசி ஒலிபெருக்கியில், தைலக் குப்பிகளுக்கு நடுவே சாய்ந்திருக்கும். காத்திருக்கச் சொல்லிப் போடும் இசை மணிக்கணக்கில் ஓடும். அந்த மெட்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மனப்பாடம். அது நின்றதும் ஹோபர்ட் அலைபேசியை எடுத்துக்கொண்டு, விளக்குமாறு வைத்திருக்கும் பின்னறைக்கு நொண்டிக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கார்டின் பெயரை அங்கேதான் சொல்வார், அதுவும் தாழ்ந்த குரலில். அவருடைய அப்பா யாரிடமும் எதையும் இனாமாக வாங்கியதில்லை என்று ஊரில் பெயர். திரும்பி வந்து, "ராங் நம்பர்" என்பார்.

இலையுதிர்காலம் வந்தபோது மத்தியானத்துக்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. கடையை மூடிவிடலாம் என்று ஒருநாள் ஐவாவிடம் சொன்னார். "மூடிட்டு? வீட்ல என்னைய உக்காத்திவச்சுத் திருப்பிக்கிட்டு இருப்பீங்களா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்கு மறுவாரம் ஒரு காலை, நாற்காலியில் டெல்மர் ஃபியூகேட் சாய்ந்திருந்தார். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடிப்போன பிறகு சவரம் மட்டும் தவறாமல் செய்துகொள்கிறார். முகம் முழுக்க நுரை. ஹோபர்ட்டின் ஒரு கை தொண்டைத் தோலை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொரு கையில் கத்தி. சுவரோரம் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். இசை சட்டென்று நின்றது.

"வணக்கம் சார். உங்களுக்கு எந்த இன்சூரன்ஸ்?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

ஹோபர்ட்டால் இரண்டு கையையும் எடுக்க முடியவில்லை.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

கடையே அவரைப் பார்த்தது. விட்டுவிட்டால் மறுபடி காலை முழுதும் அந்த மெட்டைக் கேட்க வேண்டும்.

"மெடிக்கல் கார்டும்மா" என்றார். காது சிவந்துவிட்டது. "இடுப்பு மாத்தணும்."

அந்தப் பெண் வருத்தம் தெரிவித்து, எங்கள் டாக்டர் அதை எடுப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். ஹோபர்ட் கத்தியைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

நுரைக்கடியிலிருந்து தாடையை அசைக்காமல் டெல்மர் பேசினார். "எங்கிட்டயும் அதே கார்டுதான்."

"எனக்கும் என் பொண்டாட்டிக்கும் அதுதான்" என்றார் சுவரோரம் இருந்த ஒருவர். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து தம்முடையதை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"என் இடுப்பையே அதுலதான் மாத்துனேன்" என்றார் டெல்மர். "பக்கத்து ஊர்ல பழைய டயர் கடை இருந்துச்சுல்ல, அது இப்ப கிளினிக். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை ஹட்டாட்னு ஒரு டாக்டர் வர்றாரு. கார்டு வாங்கிக்கறாரு. ஆபீஸ்ல கொடுக்கற லிஸ்ட்லதான் அவரு பேரு இல்ல."

ஹோபர்ட் கத்தியை இறக்கினார். "போன வருஷம் மக வீட்டுக்கு ஒஹாயோ போயிருந்தேன்னு சொன்னியே?"

"நீ சுளுக்குன்னு சொன்னேல்ல?"

முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் கடையில் தகராறு உண்டு.

டெல்மரே தம் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். கிளினிக்கில் இன்னும் லேசாக ரப்பர் வாசனை. எந்த இன்சூரன்ஸ் என்று கேட்ட பெண்ணிடம் ஹோபர்ட், கடையில் "அடுத்தது யாரு?" என்று கூப்பிடும் குரலில் பதில் சொன்னார். அவள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டாள். டாக்டர் ஹட்டாட் தூக்கம் போதாத முகத்தோடு இருந்த இளைஞர். வலி எங்கே என்று கேட்கவில்லை. எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டார்.

"நிக்க முடியல டாக்டர்" என்றார் ஹோபர்ட். "நின்னாத்தான் எனக்குப் பொழப்பு."

கார்டு ஆபீஸ்காரர்கள் ஒருமுறை செலவுக்கு அனுமதி மறுத்தார்கள். டாக்டர் திரும்ப எழுதினார். பனி விழுவதற்கு முன்பு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலேயே இடுப்பை மாற்றிவிட்டார்கள். கடை பூட்டிக் கிடந்த நாட்களில் பிக்கெட் ஃபோர்க் ஆண்கள் காதை மூடிய முடியோடு திரிந்தார்கள். வேறு ஊர் சலூனுக்கு ஒருவரும் போகவில்லை. சர்ச்சில் பின் வரிசையிலிருந்து பார்த்தால் ஆம்பளை யார், பொம்பளை யார் என்று தெரியவில்லை என்று ஐவா வந்து சொன்னாள். அன்றைக்குத்தான் ஹோபர்ட் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக வாசல்வரை நடந்தார்.

தையலைப் பார்க்க மறுபடி ஒரு வியாழக்கிழமை போனார்கள். டாக்டர் அவரைச் சுவர்வரை நடக்கச் சொன்னார், திரும்பி வரச் சொன்னார். பிறகு கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து, காலைத் தூக்கி மெல்ல வளைத்துப் பார்த்தார். ஹோபர்ட்டின் கண் காலில் இல்லை. டாக்டரின் பிடரி முடி வளர்ந்து, சட்டைக் காலருக்குள் சுருண்டு புகுந்திருந்தது. ஒரு பக்கம் ஏற்றமும் மறுபக்கம் இறக்கமுமாக எவனோ வெட்டியிருந்தான். ஹோபர்ட் கையை நீட்டிக் காலரை உள்ளே மடித்துவிட்டார். இரண்டு விரலை டாக்டரின் மோவாயில் கொடுத்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் சற்றே திருப்பினார். டாக்டர் அவர் காலைக் கையில் பிடித்தபடியே, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.