மூன்றாவது குரல்

மறிச்சுக்கட்டி ஊரில் மஹ்மூதை யாரும் இரண்டாம் தரம் கூப்பிட்டதில்லை. வாயெடுத்த உடனேயே "ஓம், வாறன்" என்று எழுந்துவிடுவார். மயில் அகவினாலும் ஓம், பக்கத்து வீட்டு ஆடு கத்தினாலும் ஓம். கடைவாசலில் குந்தியிருக்கும் வேலையற்றதுகள் சும்மா இருமிவிட்டு, அவர் திரும்பிப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை விட்டிருக்கலாம். அவரோ தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

காட்டோரத்து ஊரில் அவர் செய்தது பெரிய கூத்துத்தான். வில்பத்துக் காட்டுக்குள் போகிறவன் எவனும் முதல் குரலுக்கு வாய் திறக்கமாட்டான், இரண்டாவதுக்கும் திறக்கமாட்டான். தெரிந்தவனின் குரலிலே ஜின் கூப்பிடும், ஆனால் மூன்றாம் தரம் கூப்பிடாது என்பது அங்கே பால்குடி மறக்கும் முன்பே பிள்ளைகள் கேட்டு வளரும் பேச்சு. மூன்றாவது குரல் வந்தால்தான் மனிதன். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மஹ்மூதும் ஒருநாள் அப்படித்தான் நின்றார். கல்யாணம் முடித்த புதிது. மனைவி ஹமீதாவின் தம்பி காமிலோடு பூக்குளத்து மீன்வாடியிலிருந்து கருவாடு சுமந்து வந்துகொண்டிருந்தார். கார்த்திகை மழை. மோதரகம் ஆறு கலங்கிப் புரண்டது. மஹ்மூது முதலில் கடந்து கரையேறி, சுமையை நனையாமல் வைக்கப் பாலை மரங்களுக்குள் போய்விட்டார். பின்னால் ஆற்றுப் பக்கமிருந்து "மச்சான்" என்று ஒரு குரல். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

மூன்றாவதுக்காகக் காத்து நின்றார். அது வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது காமிலின் கருவாட்டுச் சாக்கு மட்டும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எடுத்து அடக்க மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. கபுறுக்குழிகூட இல்லாமல் போன தம்பிக்காக ஹமீதா அழுத அழுகையைப் பார்த்து மஹ்மூது ஒரு பொய் சொன்னார். மழை இரைச்சலில் தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றார். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மழை பெய்தால் அவர் காதில் இரண்டு குரல் கேட்கும். சோறு உண்ணும்போதும், தொழுகையில் நிற்கும்போதும் கேட்கும். அதன்பிறகு காது மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருக்கும். மனிதர் பாதி உயிரோடுதான் நடமாடினார்.

தலை நரைத்த காலத்தில் காட்டைப் பூங்கா என்றார்கள். அத்தனை காலமும் மானையும் கரடியையும் சுட்டுத் தள்ளிய துரைமார்தான், இனி யாரும் சுடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சுடத் தெரிந்தவர்களெல்லாம் படம் பிடிக்க வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வழிகாட்டப் போன மஹ்மூது, மழைக்காலத்தில் மட்டும் போகமாட்டார். ஆனால் கொழும்பிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு லீவு கார்த்திகையில்தான் கிடைத்ததாம். மழைக்குள் குதிரைமலையின் சிவந்த மேட்டைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஊர்த் தலைவரான விதானையாரே மஹ்மூதின் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். தட்ட முடியவில்லை.

மேட்டை அடையும் முன்பே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடல் எது, மழை எது என்று தெரியவில்லை. திரும்புவோம் என்று மஹ்மூது கெஞ்சினார். துரைக்கு அதுவே கொண்டாட்டமாக இருந்தது. கரடித் தடம் கண்டார், படம் பிடித்தார், யானை லத்தியையும் விடவில்லை. ஒருவழியாகத் திரும்பி வந்தபோது ஆறு கரை முட்ட ஓடியது. துரையை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஆழம் குறைந்த இடம் தேடி மஹ்மூது கழியோடு கீழ்ப்பக்கம் போனார். நிற்கச் சொன்னால் நிற்கிற ஆளா அவர்? திரும்பி வந்தபோது இடம் வெறுமையாகக் கிடந்தது.

மஹ்மூதுக்குக் கைகால் ஓடவில்லை. அதே ஆறு, அதே மழை. இன்னொரு உயிரும் தன் கையில் போகப்போகிறது.

அப்போது மேல்பக்கத்திலிருந்து கேட்டது. "மச்சான்."

ஒரே ஒரு தரம்.

"ஓம் மச்சான், வாறன்" என்று கத்திக்கொண்டு, முள் கிழிப்பதையும் பாராமல் அவர் ஓடினார். அங்கே மருதமரத்து வேரைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் துரை கிடந்தார். மஹ்மூது தலைப்பாகையை அவிழ்த்து வீசி, இழுத்துக் கரை சேர்த்தார். துரைக்கு மூச்சுத் திரும்பியதும், என்னைக் கூப்பிட்டீங்களா என்று மஹ்மூது கேட்டார். துரை இல்லையென்று தலையை ஆட்டினார். வாய் நிறையத் தண்ணீர், எப்படிக் கூப்பிடுவது என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். மச்சான் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

வெள்ளம் தணிந்து வீடு வந்து சேர்ந்த மஹ்மூதுக்கு ஹமீதா உடுத்திக்கொள்ள உலர்ந்த சாரத்தை நீட்டினாள். அதை வாங்காமலே சொன்னார்.

"காமில் அண்டைக்கு ரெண்டு தரம் கூப்பிட்டவன். எனக்குக் கேட்டது."

"தெரியும்" என்றாள் அவள். "ஆடு கத்தினாலும் ஓம் எண்டுற மனுசனோட இவ்வளவு காலம் இருந்திருக்கிறன்."

"இண்டைக்கு மூண்டாவதும் கூப்பிட்டான்."

"பதில் சொன்னீங்களா?"

"சொன்னனான்."

"வந்தானா?"

மஹ்மூது முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை. சாரத்தை அவர் மடியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போய், ஆற்றுப் பக்கம் பார்த்துத் தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மழைக்குள் நின்று இன்னொரு தரம் கூப்பிட்டாள். காமிலும் அந்த ஊரில் வளர்ந்தவன்தானே, இரண்டு குரலுக்கு நம்பமாட்டான். அவள் மூன்றாவது தரமும் கூப்பிட்டாள்.