உப்புத் தண்ணிக்கு எதுக்கு உப்பு?

1. மானாம்பதி கால்

"யாரும்மா உங்களுக்கு உப்பு போட வேணாம்னு சொன்னது?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நீங்கதான் பாய்" என்றார் வேதவல்லி.

உத்திரமேரூரில் இருந்துகொண்டு முப்பது வருஷமாக சர்வீஸ் வேலை பார்க்கிறேன். மிக்ஸி, வாஷிங் மெஷின், இப்போது பாத்திரம் கழுவும் டிஷ்வாஷர். கஸ்டமர் திட்டியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒருத்தர் நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார். எதற்கும் என் வாய் ஓய்ந்ததில்லை. அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தைதான் என்னை மடக்கியது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று அதை அப்படியே எழுதுகிறேன்.

வேதவல்லி மானாம்பதியில் விவசாயக் குடும்பம். வீட்டில் எட்டுப் பேர். சோப்புத் தண்ணி பட்டால் அவருக்குக் கை வெடித்து ரத்தம் கசியும். கிளவுஸ் போட்டால் வேர்த்து இன்னும் அரிக்கும். இனி சோப்பில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டுக்காரர் ஏழுமலையோடு சண்டை போட்டு வாங்கிய டிஷ்வாஷர் அது. வாங்கி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. தண்ணி சூடாகவில்லை, ஏனமெல்லாம் பிசுக்காகவே வருகிறது என்று கம்ப்ளெயின்ட் கால்.

போன உடனே அவர் கையைத்தான் பார்த்தேன். நாலு நாளாகக் கையாலேயே தேய்த்திருக்கிறார். விரல் மடிப்பெல்லாம் சிவந்து கிடந்தது.

மெஷினைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்றினேன். மல்டிமீட்டர் வைத்தால் ஹீட்டரில் ரீடிங்கே இல்லை, அது செத்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் சுவருக்கு அடித்த மாதிரி வெள்ளையாகச் சுண்ணாம்பு. கம்பெனி கணக்குப்படி இந்த ஹீட்டர் எட்டு, பத்து வருஷம் வரவேண்டியது. உள்ளே அடியில், உப்பு போடும் தொட்டியின் சால்ட் மூடியைத் திருகினால் அசையவில்லை. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. உப்பு கொட்டுகிற புனல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

2. நான் அடித்த ஜோக்

'நீங்கதான்' என்று அவர் சொன்னது நிஜம். எட்டு மாசத்துக்கு முன்னால் டெமோ கொடுக்கப் போனவன் நான்தான். தண்ணியில் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முக்கினேன். கலர் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. "உங்க போர் தண்ணி சரியான உப்பும்மா" என்றேன். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். சோறு மஞ்சளாகிறதா, உப்புத் தண்ணி. குழாயில் வெள்ளை படிகிறதா, உப்புத் தண்ணி. மெஷினைக் கெடுப்பது அதிலிருக்கிற சுண்ணாம்பு. அதைத் தடுக்கத்தான் மெஷினுக்குள் தனியாக உப்பு போடுவது. ஆனால் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை.

வேதவல்லி அந்தப் புனலை எடுத்துப் பார்த்து, "இதுல உப்பு வேற போடணுமா பாய்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த நேரம் பார்த்து ஏரியா மேனேஜர் போனில், "டெமோ போட்டோ எங்க, வாலாஜாபாத் கஸ்டமர் வெயிட்டிங்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "உங்க ஊரு தண்ணியில இல்லாத உப்பாம்மா?" என்று சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். போனை வைத்ததும் விளக்கமாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வைத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டெமோ ஷீட்டில் இருந்த எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் அடித்தேன். அதில் 'சால்ட் பற்றி விளக்கப்பட்டது' என்பதும் ஒன்று. கீழே அவர் கையெழுத்து. அதெல்லாம் ஞாபகம் வந்ததும் என் கோபம் இறங்கிவிட்டது.

"அப்புறம் மெஷின் மேல அந்த சிவப்பு லைட்டு எரிஞ்சிக்கினே இருந்துச்சே, அது இன்னான்னு நெனச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தண்ணியில உப்பு கீதுன்னு காட்டுதுன்னு நெனச்சேன் பாய். கரெக்டாதான் வேலை செய்யுதுன்னு வுட்டுட்டேன்."

உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற லைட் அது.

ஏழுமலை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாரண்டி இல்லன்னா சொல்லிடு பாய். மாட்டுக்கொட்டாயில போட்டு தவுடு கொட்டி வெச்சிக்கிறேன். புதுசா ஹீட்டரு கீட்டரு எல்லாம் நான் வாங்கமாட்டேன்" என்றார்.

வேதவல்லி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "ரிப்போர்ட் போட்டுட்டு சொல்றேன்" என்று கிளம்பிவிட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

3. ரிப்போர்ட்

வாரண்டி என்றால் எல்லாவற்றுக்கும் என்று கஸ்டமர் நினைப்பார்கள். அப்படி இல்லை. எங்கள் மெஷினுக்கு இரண்டு வருஷம். மோட்டார், பம்ப், ஹீட்டர், போர்டு, தண்ணி உள்ளே வரும் வால்வு, இதெல்லாம் தானாகக் கெட்டால் இலவசம். ஃபில்டர், கதவு ரப்பர், தட்டு அடுக்கும் ரேக் தேய்மானத்தில் சேரும், கிடையாது. உப்பு போடாமல் சுண்ணாம்பு பிடித்து எது கெட்டாலும் கிடையாது. இந்தக் கடைசி வரி கார்டில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஏரிக்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி டீ வாங்கினேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. போனில் ரிப்போர்ட் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன். ஹீட்டரை ஆசிட்டில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, தானாகப் போனது என்று எழுதி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன். போன மாசம்தான் தப்பு டெமோ ஷீட் போட்டான் என்று எங்கள் ஆள் ஒருத்தனை டெக்னீஷியன் லிஸ்டிலிருந்து தூக்கியிருந்தார்கள். ஐம்பத்து நாலு வயசில் என்னை வேறு எவன் சேர்ப்பான்?

மேனேஜர் கூப்பிட்டார். "பாய், மானாம்பதி கால் இன்னும் ஓப்பன்ல இருக்கு?"

"ஹீட்டர் போயிடுச்சு சார். சுண்ணாம்பு."

"சால்ட் போடலையா? அப்ப கஸ்டமர் நெக்லிஜன்ஸ், அவங்க கவனக்குறைவுன்னு போட்டு க்ளோஸ் பண்ணுங்க. டெமோ ஷீட்ல சைன் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன பேஜார்?"

பேப்பர்படி ஒரு பேஜாரும் இல்லை. அந்த அம்மாவின் கையெழுத்தே அந்த அம்மாவைக் கவிழ்த்துவிடும். என் பேர் எங்கேயும் வராது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'நீங்கதான் பாய்' என்று சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. டாக்டர் சொன்னதைச் சொல்கிற மாதிரி, நம்பிச் சொன்னார்.

காரணம் எழுதும் இடத்தில் இப்படி அடித்தேன்: 'உப்பு தேவையில்லை என்று கஸ்டமருக்குத் தோன்றும்படி பேசியது டெமோ கொடுத்த டெக்னீஷியன். அது நான். டெமோ ஷீட்டில் போட்ட டிக் தவறு.' யோசித்தால் அழித்துவிடுவேன் என்று உடனே சப்மிட்டை அழுத்தினேன்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "எழுத்துல குடுத்துட்டீங்களே பாய். இனிமே என் கையில இல்ல."

நாலு நாள் பதிலே இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்தால் யாரென்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். இரண்டு தடவை வேதவல்லியே கூப்பிட்டார். "ஹீட்டரு வருதா பாய்?" என்று மட்டும் கேட்பார். "பாத்துக்கினு இருக்கேம்மா" என்பேன்.

அஞ்சாம் நாள் இரண்டு மெயில் வந்தன. டெமோ குறைபாடு என்பதால் ஹீட்டர் இலவசம் என்று ஒன்று. ஆறு மாசத்துக்கு நான் டெமோ கொடுக்கக் கூடாது, டிரெய்னிங்குக்கு வரவேண்டும் என்று இன்னொன்று. வேலை தப்பியது. என் மகள் வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, சால்ட் மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பாடம் கேட்டேன். மானம் போயிற்றுதான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

4. மறுபடி மானாம்பதி

புது ஹீட்டரை மாட்டி ஓடவிட்டேன். மெஷினிலிருந்து எடுத்த கண்ணாடித் தம்ளரில் சூட்டுக்கு ஆவி பறந்ததும் வேதவல்லி முகம் தெளிந்தது. ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டுக்கொட்டாய் பக்கம் போனார்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். நம் பக்கத்தில் தண்ணியின் வியாதிக்கும் உப்பு என்று பேர், மெஷினுக்குக் கொடுக்கிற மருந்துக்கும் உப்பு என்று பேர். டெமோவில் 'சுண்ணாம்புத் தண்ணி', 'மெஷின் உப்பு' என்று பிரித்துச் சொல்லுங்கள். மெஷின் உப்பு கட்டி கட்டியாகத் தனிப் பாக்கெட்டில் வருவது. சமையல் தூள் உப்பைக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். டிக் போடுவதற்கு முன்னால், நீங்கள் சொன்னதைக் கஸ்டமரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பிப் போன பிறகும் நீங்கள் சொன்னது அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குக் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். வேதவல்லி விடவில்லை. புனலின் கவரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். என் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க பாய், எவ்ளோ போடணும்?" என்றார். "சிரிக்காம சொல்லுங்க."