எஸ்தர் அக்காவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார்.

இன்று காலை அவர் மகன் ஜேம்ஸிடமிருந்து ஒரு மெசேஜ். "அம்மா போயிட்டாங்க. அடக்கம் நாலு மணிக்கு." எப்படி, என்ன ஆச்சு... ஒன்றும் இல்லை.

தாராவியில் எங்கள் லைனுக்கு ஹெல்த் போஸ்ட்டிலிருந்து வரும் சுகாதார சேவிகா அவர். மாத்திரையைக் கையில் கொடுத்து, நாம் விழுங்குகிற வரை முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெசேஜைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டதுதானா?

ஒன்பது வருடங்களுக்கு முன் என் தங்கை மாரிக்கு டிபி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "தாராளமா எழுதுக்கா, நான் என்ன திருடவா செஞ்சேன்" என்றாள்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்டாப் ஹில் மாப்பிள்ளை. விஷயம் வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு என்று அம்மா நடுங்கினாள்.

அதனால் நாங்கள் ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தோம். எஸ்தர் அக்கா உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவோம். மாஸ்க் போட்டு வந்தால் லைனுக்கே தெரிந்துவிடும் என்று அம்மா கெஞ்சியதில், பாவம், அதையும் பைக்குள் வைத்துவிட்டு வருவார்.

பத்துக்குப் பத்து ரூம். இருந்த ஒரே ஜன்னலையும் பக்கத்து லெதர் ஒர்க்‌ஷாப்பின் அட்டைப்பெட்டிகள் வெளியிலிருந்து அடைத்திருந்தன. உள்ளே மாரி இருமிக்கொண்டே இருப்பாள். அவளோடு அம்மா, நான், எஸ்தர் அக்கா.

மூன்று வாரம் இப்படியே போனது...

ஒருநாள் காலை தாழ்ப்பாளில் கை வைத்த அம்மாவை அக்கா நிறுத்தினார். "ஏட்டி, கதவைச் சாத்தினா ஆளுகளுக்குத் தெரியாது, சரி. அந்தக் கிருமி எந்த வழியாப் போவும்? அதுக்கும் ஒரு வழி வேணும்லா?"

"வெளிய வச்சுக் குடுத்தா நாலு பேரு பாப்பாவளே" என்றாள் அம்மா.

"பாக்கட்டும். என்ன மாத்திரைன்னு எவளுக்குத் தெரியப் போவுது? நாளைக்குப் பாரு."

மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து தன்னுடைய பிபி மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார். "பிபி, சுகர், சத்து மாத்திரை... வச்சிருக்கவிய எல்லாரும் ஒரு சொம்புத் தண்ணியோட வாங்க! ஒருத்தரும் மறக்கப்படாது!"

முதல் நாள் மூன்று பேர். ஒரு வாரத்தில் எட்டுப் பேர். கேஸ் டிரபிள் மாத்திரையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மாமா ஒருத்தரும் வந்து உட்கார்ந்தார். பெண்கள் கூட்டத்தில் உட்கார அவருக்கு வேறு எப்போது சான்ஸ் கிடைக்கும்!

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், நல்ல காற்றில், மாரியும் தன் மாத்திரைகளை விழுங்கினாள். எது எந்த மாத்திரை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஹெல்த் போஸ்ட் டாக்டர் அக்காவிடம் சொல்லியிருந்தாராம்... மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டை நீங்கள் பாருங்கள் என்று. எங்கள் வீட்டை அக்கா பார்த்த மாதிரி நாங்களே பார்த்ததில்லை.

ஜன்னலுக்காக ஒர்க்‌ஷாப் காதர் பாயிடம் போனார். நோய் பேரைச் சொல்லவில்லை. "பாய், ஒரு பிள்ளைக்குக் காத்து வேணும்" என்றார், அவ்வளவுதான்.

"இதைக் கேக்கதுக்கு நீங்க வேற வரணுமாக்கும்" என்று பாய் அப்போதே ஆள் விட்டுப் பெட்டிகளை எடுத்துவிட்டார். வெளிச்சம் உள்ளே வந்ததும் அடுப்புப் பக்கத்துச் சுவரின் கரியைப் பார்த்து அம்மா வெட்கப்பட்டு, அன்றைக்கே தேய்க்க ஆரம்பித்தாள்.

மாரிக்குச் சுத்தமாகக் குணமாயிற்று. ஆண்டாப் ஹில் மாப்பிள்ளை வேறு ஏதோ காரணத்துக்காகத் தட்டிப்போனான், நல்லதாகப் போச்சு. இப்போது மான்குர்த்தில் புருஷன், இரண்டு பிள்ளைகள் என்று இருக்கிறாள்.

ஆனால் எனக்குள் அந்த மூன்று வாரம் மட்டும் போகவே இல்லை.

ரெண்டு வருடம் முன்பு மாட்டுங்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றவர் இருமினார். "என்னக்கா இருமல்?" என்றேன். "சும்மா சளிட்டி" என்றார். அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை. பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

இன்று, நான் இப்போது குடியிருக்கும் நெருளிலிருந்து வருகிற வழியெல்லாம் அந்த இருமல்தான் காதில்...

அக்கா வீட்டு வாசலில் ஜேம்ஸ் நின்றான். தனியாகக் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு... நெஞ்சுல ஏதாவது..."

"டிபியான்னு கேக்கியளாக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"இல்லக்கா. ஹார்ட் அட்டாக். வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுப்பாவ. போன மாசம் எடுத்ததும் கிளீன்தான்."

அப்பாடா என்று இருந்தது. சாவு வீட்டில் நின்றுகொண்டு அப்பாடா... அதற்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.

ஜேம்ஸ் என் தோளைத் தொட்டான். "அழாதீங்கக்கா. காலையிலேருந்து இதைக் கேக்க அஞ்சாவது ஆளு நீங்க."

திரும்பிப் பார்த்தேன். சந்து முழுக்க ஆட்கள். அந்த மற்ற நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களைப் பற்றி அவர்களிடமும், அவர்களைப் பற்றி எங்களிடமும் அக்கா மூச்சு விட்டதில்லை.

நாலு மணிக்குக் கல்லறையில் மாரி பிள்ளைகளோடு வந்து ஒரு பிடி மண் போட்டாள்.

நிம்மதியாப் போயிட்டு வாங்கக்கா.