அடுத்த ஊரில் எல்லோரும் வாங்கிவிட்டார்கள்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு மைக் செட் கடையில் விளம்பரம் சொல்வது என் வேலை. ஜட்கா வண்டியின் மேல் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போவேன். சினிமாவோ ஜவுளிக்கடையோ, எதுவானாலும் பேசிவிட்டு வருவேன். தேர்தல் சமயத்தில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் ஓட்டுக் கேட்டவன் நான். தொண்டைக்கு ஏது கட்சி என்று சிரித்துக்கொள்வேன். நல்ல குரல் என்று நாலு பேர் சொன்னதில் தலைக்கனமும் ஏறியிருந்தது.

ஒரு மாசி மாதம், மருந்து வியாபாரி ஒருவர் எங்களை வாடகைக்குப் பிடித்தார். பெரியம்மை வராமல் தடுக்கும் சூரணம் என்று பொட்டலம் பொட்டலமாக வைத்திருந்தார். அதே சமயத்தில் அரசாங்கத்திலிருந்து தடுப்பூசி போட அம்மை குத்துபவர்களும் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் அடிக்கும் என்று பயந்து, பிள்ளைகளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற காலம் அது. அந்தப் பயத்தை வியாபாரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வாங்குங்கன்னு ஒரு தடவகூடச் சொல்லாதீக. பக்கத்து ஊர்ல எல்லாரும் வாங்கிட்டாகன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அப்படியே செய்தேன். தாடிக்கொம்பில் நின்று, அகரத்தில் வீடு தவறாமல் வாங்கிவிட்டார்கள் என்றேன். அகரத்துக்குப் போய், தாடிக்கொம்பில் வாங்காத வீடே இல்லை என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு ஊரும் உண்மையிலேயே வாங்கிவிட்டன. இடையில் என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். "குத்தும் வேண்டாம், புண்ணும் வேண்டாம், காய்ச்சலும் வேண்டாம்!" வியாபாரி தொடையில் தட்டி ரசித்தார்.

அகரத்தில்தான் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். என் குரலைக் கேட்டதும் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "மாமா பேசுது பாரு" என்று வண்டியைக் காட்டினாள். அவள் முகத்தில் அம்புட்டுப் பெருமை. நான் கையை ஆட்டிவிட்டு மேலே பேசிக்கொண்டே போனேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வியாபாரி பக்கத்தில் இருந்தார் என்பது ஒரு சாக்கு. பிழைப்புக்குப் பேசுகிற பேச்சு என்று வீட்டு ஆட்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்ததுதான் நிஜம்.

அடுத்த வாரம் அம்மை குத்துபவர் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "எங்க அண்ணனே மைக்குல சொல்லிருச்சு, வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். சித்திரையில் அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். குழந்தைக்கு உடம்பு முழுக்க முத்துகள்.

அம்மை இறங்கி, குழந்தைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். உயிர் தப்பிவிட்டது என்ற சந்தோஷத்தில் பிஸ்கட் பொட்டலத்தோடு போனேன். குழந்தை சுவரோரம் உட்கார்ந்திருந்தது. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. பொட்டலத்தை நீட்டினேன், அது கை நீட்டவில்லை.

தங்கை அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை, அதுதான் கொடுமை.

"அண்ணே, ஒரு வேள நாந்தான் அளவு தப்பாக் கொடுத்துட்டனோ? ஒம் பிள்ளைகளுக்கு எம்புட்டுக் கொடுத்த?" என்று கேட்டாள்.

என் பிள்ளைகள் இருவருக்கும் தை மாதமே முனிசிபல் ஆஸ்பத்திரியில் அம்மை குத்தியாகிவிட்டது. சூரணத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை. அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னோடு பேசவில்லை.

குழந்தைதான் பேசியது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மாமா, வண்டியில பேசுவீகல்ல, அது மாதிரி பேசுங்க" என்றது. பிஸ்கட் பொட்டலத்தை அதன் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாளே அந்த வேலையை விட்டேன்.

இன்றைக்கும் யாராவது இனிக்க இனிக்கப் பேசி, எல்லோரும் வாங்கிவிட்டார்கள், எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்றால், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன்; அந்த ஒரு கேள்வியை அன்று வண்டியில் ஏறும்முன் எனக்கு நானே கேட்டிருந்தால், அந்தக் குழந்தை என்னைக் குரலால் மட்டும் அடையாளம் கண்டிருக்க வேண்டியதில்லை.