நான்காவது சுரம்

கண்ணாடி அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளை உரசிச் சட்டத்தில் பொருத்துகிறவள். காதை அறுக்கிறது, மூக்கில் நிற்கவில்லை என்று யார் போனாலும், முதலில் அவர்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பாள். கோபமோ என்று புதியவர்கள் பயந்துபோவார்கள். கோபமெல்லாம் இல்லை, அளவெடுக்கிறாள்.

அதே அக்கா ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓர் ஓட்டலின் தேநீர்க் கூடத்தில் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாள். குழுவில் நாலே பேர். பியானோ வாசிக்கிறவர் ஒரு பல் டாக்டர். குழுவுக்கும் அவர்தான் தலைவர். டிரம்ஸ் அக்காவின் தம்பி. வார நாட்களில் ரொட்டி சுடுகிறவன். முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் அக்காவின் வீட்டுக்காரர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிதர் வாயைத் திறந்தால் கூடத்தில் கரண்டிகள் கலக்குவதை நிறுத்திவிடும். மிகையாகச் சொல்லவில்லை, நானே கேட்டிருக்கிறேன்.

அடிக்குரலில் முழங்குகிற பேஸ் ஒரு பாவப்பட்ட வாத்தியம். இருக்கும்போது யாரும் கண்டுகொள்வதில்லை. நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதிலும் அக்கா வாசிப்பது வாக்கிங் பேஸ். நாலு அடிக்கு நாலு சுரம், பாட்டு முடியும்வரை நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மேலே பியானோவில் கார்டுகள், அதாவது சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கூட்டுகள், மாறிக்கொண்டே இருக்கும். கீழே நடக்கிறவள்தான் ஒரு கூட்டிலிருந்து அடுத்ததற்கு எல்லோரையும் அழைத்துப்போக வேண்டும்.

அக்காவுக்கு அந்தக் கூட்டுகளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. டாக்டர் ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த அடியில் எந்தச் சுரம் என்று முழுசாக எழுதிக் கொடுத்துவிடுவார். அவள் அதை உருப்போட்டுவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு சுரம் பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு எதில் கர்வப்பட அவளுக்கு நேரம் இருந்தது?

போன வருடம் வீட்டுக்காரருக்கு மூளையில் சின்ன அடைப்பு. பிழைத்து எழுந்துவிட்டார். கை கால் சரியாகிவிட்டது, குரலும் அப்படியே இருந்தது. ஆனால் பாட்டுக்குள் பாதை தவறத் தொடங்கினார். முதல் பகுதியை இரண்டு தடவை பாடிவிட்டு நடுப்பகுதிக்குப் போக வேண்டும் என்றால், ஒரு தடவை பாடியதுமே நடுப்பகுதிக்குத் தாவிவிடுவார். சில நாள் நடுப்பகுதியை முடித்துவிட்டு மறுபடியும் நடுப்பகுதி. தாவியது அவருக்குத் தெரியவே தெரியாது. மற்ற மூவரும் பழைய இடத்திலேயே வாசித்துக்கொண்டிருப்பார்கள்; பாட்டு நாராசமாகிவிடும்.

"உன் தம்பி டிரம்ஸ்ல உக்காந்து தூங்குறான்மா. கொஞ்சம் சொல்லி வை" என்பார் வீட்டுக்குத் திரும்பும்போது.

ஓட்டல் மேலாளர் இரண்டு முறை முகம் சுளித்துவிட்டார். டாக்டர் நல்ல மனிதர், ஆனாலும் சொத்தைப் பல்லைப் பார்த்தால் பிடுங்கியே பழகியவர். ஒரு நாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற ஆளைப் பார்க்கிறதைத் தவிர வழி இல்ல."

அக்கா வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை வெள்ளிக்கிழமையே தேய்த்து மாட்டி வைக்கிற மனிதர் அவர். நோய்க்குப் பிறகு நண்பர்கள் வருவது குறைந்துவிட்டது. அந்த ஒரு மாலைக்காகத்தான் வாரம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் பிடுங்கிவிட்டால் அவர் சன்னலோரம் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழவே மாட்டார். இது அக்காவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவரிடம் சொல்லித் திருத்த முடியாது. தாவுகிறவரைப் பிடிக்கத்தான் முடியும். அக்கா முதலில் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள்: எங்கிருந்து எங்கெல்லாம் தாவக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடையை உருப்போட்டாள். வாரம் முழுக்க மல்லுக்கட்டியும் ஒரு பாட்டைக்கூடத் தாண்டவில்லை. மனுஷர் எங்கே தாவுவார் என்று அவருக்கே தெரியாதபோது, இவள் எத்தனையைத்தான் உருப்போடுவாள்?

அந்தச் சமயத்தில் டாக்டர் தன் கண்ணாடியைச் சரி செய்யக் கடைக்கு வந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது. எங்கும் ஓட முடியாது. அக்கா சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர், எனக்கு நாலு நாலு சுரமா எழுதித் தர்றீங்களே, நாலாவது சுரம் மட்டும் ஏன் எப்பவும் ஒரு மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? எழுதினதை வாசிங்க, நல்லாத்தானே வாசிக்கிறீங்க."

"கண்ணாடி ரெடியாக நேரம் ஆகும். சும்மாதானே உக்காந்திருக்கீங்க, சொல்லுங்க."

டாக்டர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு கார்டும் ஒரு வீடுன்னு வெச்சுக்குங்க. முதல் சுரம், இந்த வீட்டுக்கு வந்துட்டோம்னு சொல்லுது. அடுத்த ரெண்டும் அந்த வீட்டு ஆளுங்க. நாலாவது இருக்கே, அது அடுத்த வீட்டு வாசப்படி. போக வேண்டிய சுரத்துக்கு தந்தியில ஒரே ஒரு கட்டம் மேலயோ கீழயோ நின்னா, அடுத்த கால் அங்கதான் விழணும்னு கேக்கிறவங்க காதுக்கே தெரிஞ்சிடும்."

"எந்த வீட்டுக்கு வேணும்னாலும் இப்படிப் போயிடலாமா?"

"போகலாமே. வாசப்படி இல்லாத வீடு எங்க இருக்கு?"

அக்கா கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். கார்டின் அடிச் சுரத்திலிருந்து எண்ணினால் வருகிற மூன்றாவது சுரத்தைக் கொஞ்சம் இறக்கினால் கார்டு ஏன் சோகமாகிவிடுகிறது என்று கேட்டாள். அப்படி எண்ணி வருகிற ஏழாவது சுரம் சேர்ந்தால் ஏன் நகரச் சொல்லி நச்சரிக்கிறது என்று கேட்டாள். டாக்டருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. திருகாணி சரிசெய்கிற வேலைக்கு அன்று அரைப் பொழுது போயிற்று. கடைக்கு வந்த வேறு ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றிலிருந்து அக்கா உருப்போடுவதை விட்டாள். ஒவ்வொரு கார்டின் சுரங்களையும் முதலில் வாயால் பாடினாள், பிறகு தந்தியில் தொட்டாள். கடையில் வில்லையை உரசும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தாள். வீட்டில் ஆமை வேகத்தில் வாசித்தாள். எழுதிக் கொடுக்காத சுரங்களைத் தானே தேர்ந்தெடுத்தாள், தப்பினாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். இத்தனை வருடமாகத் தான் வாசித்தவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"என்னம்மா, இருக்க இருக்க மெதுவாகிட்டே போற?" என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார்.

"நீங்க பாடுங்க. நான் பின்னாலயே வர்றேன்."

அவர் சன்னலைப் பார்த்து நின்று பாடுவார். அவள் பின்னால் உட்கார்ந்து வாசிப்பாள். அப்படி ஒரு சாயங்காலம் அது அவள் கண்ணில் பட்டது. நடுப்பகுதிக்குப் போவதற்குச் சற்று முன்னால் அவருடைய வலது தோள் மெல்ல ஏறி, உடம்பு லேசாகச் சாய்ந்தது. முதல் பகுதிக்குத் திரும்பும்போது இடது தோள். பெரிய வண்டியைத் தெருமுனையில் திருப்புகிற உடம்பு அது. பாதை மறந்துபோனாலும் திரும்பப் போகிறோம் என்பது அந்தத் தோளுக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவர் நடுப்பகுதிக்குத் தாவிவிட்டார், இவள் தவறவிட்டாள்.

அடுத்த முறை விடவில்லை. தோள் ஏறியதும் இருக்கிற இடத்திலிருந்து நடந்து, நாலாவது அடியில் புது இடத்தின் வாசற்படியில் நின்றாள். அவர் பாட வாயெடுத்தபோது அங்கே அந்தக் கார்டின் முதல் சுரம் காத்திருந்தது.

தம்பியிடம் மட்டும் சொல்லி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மாமாவைப் பார்க்காதடா. என் விரலைப் பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலாளர் முன் மேசையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். முதல் இரண்டு பாட்டு ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் முதல் பகுதி முடிகிற நேரம். இன்னொரு தடவை அதையே பாட வேண்டும். தேய்த்து மடிப்பு வைத்த சட்டைக்குள் வலது தோள் ஏறியது.

அக்கா யோசிக்கவில்லை. கீழே ஒரு சுரம், அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று, பிறகு போக வேண்டிய இடத்துக்கு ஒரு கட்டம் தள்ளி அழுத்தமாக ஒன்று. தம்பி அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். பியானோவில் டாக்டரின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அந்த நாலாவது சுரத்தைக் கேட்ட பிறகு வேறெங்கும் போக முடியாது என்று தெரிந்து நடுப்பகுதியில் இறங்கியது. அதே அடியில் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். நாலு பேரும் ஒன்றாக வந்து விழுந்த அழகில் மேலாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

முடிந்ததும் டாக்டர் நேராக அக்காவிடம் வந்தார்.

"என்னம்மா இது? ஒரு பகுதியையே முழுங்கிட்டீங்க! நீங்க நடுப்பகுதிக்கு நடக்கிறதைக் கேட்டு நான் பதறிப்போயிட்டேன். நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் உங்க கூடவே வந்து சமாளிச்சிட்டாரு. அவரையா மாத்தணும்னு நினைச்சேன்!"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான். இத்தனை வருடம் ஒரு சுரம் பிசகாதவள் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றினாள்.

"கவனம் தப்பிடுச்சு டாக்டர். வயசாகுதுல்ல."

"பரவால்ல. பாட்டுக்காரரைப் பத்தி இனிமே எனக்குக் கவலை இல்ல. நீங்கதான் வீட்டுல கொஞ்சம் பயிற்சி பண்ணணும்."

"பண்றேன் டாக்டர்" என்றாள் அக்கா.

பேருந்தில் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். நோய்க்குப் பிறகு அவர் முகம் இப்படி விரிந்து அவள் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"டாக்டர் சொன்னதை மனசுல வெச்சுக்காதம்மா. யாருக்கும் ஒரு நாள் தப்பத்தான் செய்யும். நீ எங்க போனாலும் நான் வந்து பிடிச்சுக்கிறேன், என்ன?"

அக்கா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த தைரியத்துலதாங்க வாசிக்கிறேன்."