அவர் காலுக்குப் பூட்டிய பெடல்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. ஆறு பேரில் ஒருவரும் கிழிந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை. தைத்தது நான். என்னை மட்டும் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். மெதுவாக வந்தாலும் வருகிறது.

சொல்ல வந்தது என் வீட்டுக்காரருடைய கிட்டாரைப் பற்றி. கிட்டார் என்றதும் தோளில் மாட்டிக்கொண்டு நின்று வாசிப்பதை நினைத்துவிடக் கூடாது. இது மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். முன்னால் கதிரை போட்டு உட்கார வேண்டும். மேலே பத்துத் தந்தி. இடது கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்துத் தந்திகளின்மேல் வழுக்கிக்கொண்டு போக, வலது கை விரல்கள் மீட்டும். அதோடு முடியாது. கீழே பெடல்கள் இருக்கின்றன. இடது காலால் ஒன்றை மிதித்தால் அடியில் ஒரு கம்பி இழுபட்டு, மேலே ஒரு தந்தியின் குரல் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். மனிதர் விம்முகிற மாதிரி இருக்கும். கால் மெஷினில் தைத்துப் பழகிய எனக்கு, கையும் காலும் சேர்ந்து செய்கிற வேலை என்பதால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் லொறி ஓட்டினார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்டார். நாயைக் கிளாக்கரிடம் கொடுத்தார். கிட்டாரை லொறிக்காரரிடம் கொடுத்தார். பங்களாவில் அதைத் தூக்கி வைப்பதும் கால் பூட்டுவதும் இவர்தான். துரை வாசிக்கிற நேரம் கதவருகில் நின்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார். பிறகு நாங்கள் கட்டுகஸ்தோட்டைக்குக் குடி வந்தோம். சனிக்கிழமையில் கண்டியில் ஒரு ஹோட்டலில் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில். ஹோட்டலுக்குப் பின்வாசலால் போவார், கோயிலுக்கு முன்வாசலால் போவார் என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அவர் போன பிறகு கிட்டார் பெட்டிக்குள் கிடந்தது. வளர்த்த ஆறு பேரில் ஒருவருக்கும் அது கைவரவில்லை. ஒரு நாள் பெட்டியைத் திறந்தால், மழைக்காலத்து ஈரம் ஏறிக் கம்பியெல்லாம் சிவந்து கிடந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன். வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு இதை விற்றுவிட வேண்டும். ஆனால் அவர் என் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

என்னோடு இருக்கிற மூத்த மகனுக்கு இது பிடிக்கவில்லை. “என்னம்மா இது, கிட்டாருக்கு மாப்பிள்ள பாக்குறீங்களா?”

“மாப்பிள்ளைங்கள நான் வாசிச்சுக் காட்டச் சொல்லலையே. அதான் ரெண்டு பேரு இப்படி வந்து சேந்தானுங்க” என்றேன்.

விற்பதற்கு முன்னால் அதைச் சரிப்படுத்த வேண்டும். என் தையல் மெஷினுக்கு எத்தனையோ வருசமாக வைத்தியம் பார்க்கிறவர் மடவளையில் இருக்கிற ஒரு நானா. வயதில் எனக்கு இளையவர், ஆனாலும் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். வந்து, கிட்டாரைக் கவிழ்த்துப் போட்டு, அடியைப் பார்த்துச் சிரித்தார். இருக்கு என்பதை அவர் ஈக்கி என்பார்.

“அக்கா, இதுல பைசிக்கல் கம்பியல்லவா ஈக்கி.”

உண்மைதான். பழைய இழுகம்பிகள் இற்றுப்போனபோது என் வீட்டுக்காரர் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளை வெட்டிப் போட்டிருந்தார். நுனியில் மரை இருக்கிறது, திருகிக் கூட்டவும் குறைக்கவும் லேசு என்பார். ஒன்றுகூட அறுந்ததில்லை.

நானா எல்லாவற்றையும் கழற்றித்தான் துரு எடுக்க வேண்டும் என்றார். கழற்றினால் எது எங்கே என்று தெரியாமல் போகுமே என்று எனக்குப் பயம். அதனால் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு நிற நூல் கட்டினேன். அது பூட்டியிருந்த பெடலிலும் அதே நிறம், அது இழுக்கிற இடத்திலும் அதே நிறம். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. நானா கிட்டாரைப் பார்த்து, “கலியாண வீட்டு மாடு மாதிரி ஈக்கி” என்றார். சொன்னாரே தவிர, நூல் சொன்னபடியேதான் திரும்பப் பூட்டினார். சத்தத்தை எடுக்கிற காந்தத்தின் கம்பிச்சுருள் அறுந்து போயிருந்தது. அதை மின்விசிறி மோட்டார் சுற்றுகிற ஒருவரிடம் கொண்டுபோனார். முதல் தடவை சுற்றியது வேலை செய்யவில்லை. இரண்டாம் தடவை செய்தது. தந்திகளை மகன் வெளிநாட்டிலிருந்து யாரையோ பிடித்து எடுப்பித்தான். மரத்தை நானே துடைத்தேன். ஸ்பீக்கர் பெட்டியில் கொடுத்து நானா ஒரு தந்தியை மீட்டிப் பெடலை மிதித்தார். குரல் ஏறியது. அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன், கறி தீய்ந்தது.

மகன் படம் எடுத்து, விற்பனைக்கு என்று போனில் போட்டான். ஒரு பழைய இரும்புக்காரர் எத்தனை கிலோ வரும் என்று கேட்டார். இன்னொருவர் துணி அயன் பண்ணத் தோதாக இருக்குமா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கண்டியிலிருந்து ஹோட்டல்காரர்கள் பேசினார்கள். என் வீட்டுக்காரர் வாசித்த அதே ஹோட்டல் இல்லை, வேறொன்று. முன் மண்டபத்தில் சுற்றிவரக் கயிறு கட்டிப் பார்வைக்கு வைப்பார்களாம். பக்கத்தில் அவருடைய படமும் பெயரும் இருக்குமாம். ஓர் ஆணியைக்கூடத் தொடமாட்டார்களாம். விலையும் நல்ல விலை.

“அப்பா பின்வாசலால போனாருன்னு சொல்லுவீங்களே. இப்ப முன்வாசல்லயே வைக்கிறாங்க” என்றான் மகன்.

அது என்னை அசைத்துவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். அவருடைய படம் மண்டபத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க. எனக்குப் பெருமை பிடிக்கும். ஆனால் கயிற்றுக்குள்ளே யாரும் உட்கார்ந்து வாசிக்க முடியாது. நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். அவர்கள் உயிர்ப்புத் திருநாளுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். சனிக்கிழமை காலையில் வேன் வரும் என்று மகன் சொல்லிவிட்டான். அதற்குள் வாசிக்கிறவர் யாராவது வந்தால் பார்ப்போம், இல்லையென்றால் ஏற்றிவிடுவோம் என்று எனக்கும் அவனுக்கும் பேச்சு.

வாசிக்கிறவர் வந்தார். வந்தது பெரிய வெள்ளிக்கிழமை.

மகன் வீட்டில் இருக்கிற லீவு நாள் என்று வந்திருக்கிறார், பாவம். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்க இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச வருசம் கனடாவில் மகனோடு இருந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் இந்தக் கிட்டாரைப் பழகினாராம். குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டார், கிட்டார் அங்கேயே நின்றுவிட்டது. சட்டைப் பையில் கைலேஞ்சியில் சுற்றித் தன்னுடைய இரும்புக் கட்டையைக் கொண்டு வந்திருந்தார். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

ஆனால் கிட்டார் ஊதாத் துணிக்குள் இருந்தது. தவக்காலத்தின் கடைசியில் கோயிலில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். என் வீட்டுக்காரர் தன் கிட்டாரையும் அப்படியே மூடுவார். சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசையில் மணி அடித்த பிறகுதான் எடுப்பார். நானும் இந்த வருசம் மூடியிருந்தேன்.

“ஆண்டவர் மரிச்ச நாளு. இன்னைக்கு இந்த வீட்டுல ரேடியோகூட போடமாட்டோம் ஐயா” என்றேன்.

“வாசிச்சுக் காட்டினால்தான் தருவியள் எண்டு உங்கட மகன் சொன்னவர். இப்ப வாசிக்கவும் கூடாது எண்டுறியள். நான் என்னெண்டு செய்யிறது அம்மா?”

மகன் கையை விரித்தான். “நாளைக்கு காலையில வேன் வந்துரும். நாளைக்கு ராத்திரி மணி அடிச்ச பொறகு இவரு வந்தா, இங்க துணி மட்டுந்தான் இருக்கும்.”

இரண்டும் நான் போட்ட சட்டம்தான். ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. வந்தவருக்குக் கழற்றிப் பூட்டுவதைக் காட்ட வந்திருந்த நானா கடிகாரத்தைப் பார்த்தார், அவருக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும்.

“கரண்ட் குடுக்காட்டி இதுல என்ன சத்தம் ஈக்கி அக்கா? ராவுல காதடியில வந்து கடிக்கிற நொளம்பு பாடுற மாதிரி. நொளம்புக்குப் பெரிய வெள்ளி இல்லயே.”

யாழ்ப்பாணத்துக்காரர் சிரித்துவிட்டார். “எனக்கும் வெள்ளி விரதம்தான் அம்மா. சத்தம் போடமாட்டன்.”

வாசிப்பது என்றால் கேட்கிற மாதிரி வாசிப்பது. கேட்காமல் கையும் காலும் அசைந்தால், அது செபம் முணுமுணுக்கிற மாதிரித்தான். அப்படிச் சொல்லி என்னையே சமாதானம் செய்துகொண்டு துணியை எடுத்தேன். ஸ்பீக்கர் பெட்டியின் பக்கம் யாரும் போகவில்லை.

அவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். நான் கிட்டார்ப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் காலைப் பார்த்தேன். காதால் கேட்க ஒன்றுமில்லை. கையில் மட்டும் ஒரு சின்ன அதிர்வு வந்தது. அவர் காலைக் குனிந்து பார்க்கவில்லை. தைக்கத் தெரிந்தவள் பெடலைப் பார்க்கமாட்டாள், துணியைத்தான் பார்ப்பாள். சரி, இவருக்குத் தெரியும் என்று நினைக்கிறபோதே நிறுத்திவிட்டார்.

“அம்மா, இது மாறிக் கிடக்குது. முதலாம் பெடல் செய்யிற வேலையை ரெண்டாம் பெடல் செய்யுது. ரெண்டாவதின்ர வேலையை முதலாவது செய்யுது. பூட்டேக்க பிழைச்சுப் போச்சுப் போல.”

நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் மாத்தல்ல. அக்காட நூல் எப்படியோ அப்படித்தான் போட்டேன்.”

“நானா மேல தப்பில்ல. அது அப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.

சொன்னேன். ஹேவாஹெட்ட ரோட்டில் ஒரு தடவை லொறி புரண்டு, என் வீட்டுக்காரருக்கு இடது கணுக்கால் முறிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் கால் வெளிப்பக்கம் சரியாது. அதிகம் மிதிக்க வேண்டிய முதலாம் பெடல் அந்தப் பக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாயைப் போட்டுக் கிட்டாருக்கு அடியில் படுத்துக்கொண்டு, முதலாம் பெடலின் கம்பிகளையும் இரண்டாம் பெடலின் கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டினார். சாப்பாட்டையும் அடியில்தான் நீட்டினேன்.

யாழ்ப்பாணத்துக்காரர் குனிந்து அடியைப் பார்த்தார். சைக்கிள் கம்பிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “மனுசன் வலு கெட்டிக்காரன்” என்றார், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, தனக்குள்ளே.

“அப்ப இத இப்படியே வச்சுக்குவீங்கதானே?” என்று கேட்டான் மகன்.

“இல்லைத் தம்பி. மாத்திப்போட்டுத்தான் வாசிப்பன். என்ர கால் வேறயெல்லோ.”

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஹோட்டல்ல ஓர் ஆணியத் தொடமாட்டோம்னு சொன்னாங்க. கேட்டீங்களாம்மா?”

கேட்டேன். அவர் பாயில் படுத்துச் செய்த வேலை. நூல் கட்டிக் காப்பாற்றியது நான். அதை ஒருவர் வந்து முதல் நாளே கழற்றுவேன் என்கிறார், அதுவும் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு. எழுந்து போகச் சொல்லலாமா என்றுகூட வாய் வரைக்கும் வந்தது.

அப்போதுதான் தையல் வேலை நினைவுக்கு வந்தது. மூத்தவன் சட்டையை அடுத்தவனுக்குக் கொடுக்கிறபோது நான் என்ன செய்தேன்? தோளைப் பிரித்தேன், கையைக் குறைத்தேன், இடுப்பைப் பிடித்தேன். உடுத்தப் போகிறவன்தான் “அம்மா, இங்க பிடிக்குது, அங்க தொங்குது” என்று குறை சொல்வான். அலுமாரியில் மாட்டி வைக்கிற சட்டைக்கு யாரும் அளவு எடுப்பதில்லை. அப்படியே இருக்கட்டும் என்கிறவர்கள் அதை வாசிக்கப் போவதில்லை. இந்த மனிதர் தன் காலுக்கு அளவு எடுக்கிறார். என் வீட்டுக்காரரும் துரையுடைய கிட்டாரை வாங்கி வந்து அதைத்தானே செய்தார். துரை அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

“வேன் வேணாம்னு சொல்லிரு” என்றேன் மகனிடம்.

“அம்மா, அப்பா படம்…”

“படம் நம்ம வீட்டுல இருக்கு. வாறவங்க இங்க வந்து பாக்கட்டும்.”

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பெரிய வெள்ளியில் வியாபாரம் பேசமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று வந்தவரிடம் சொன்னேன். அவர் இரும்புக் கட்டையை லேஞ்சியில் சுற்றிப் பையில் போட்டார். நான் துணியைத் திரும்ப மூடினேன்.

உயிர்ப்பு ஞாயிறு அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கரண்ட் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் பூட்டியபடியே, தடுமாறித் தடுமாறி ஒரு பாட்டு வாசித்தார். இரண்டு இடத்தில் கால் தப்பியது, அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நாலு காலையும் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். புறப்படுகிற நேரம்தான் கேட்டார்: “அம்மா, நான் மாத்திப் பூட்டப் போறன். எனக்குப் பிறகு இது இன்னொருத்தரிட்டப் போகும். முந்தி எப்பிடி இருந்தது, ஏன் அப்பிடி இருந்தது எண்டு எழுதித் தாங்கோ. பெட்டிக்குள்ளயே வைக்கிறன்.”

மகன் எழுதித் தருகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். படுத்தபடி கம்பி பூட்டியவருக்குச் சாப்பாடு நீட்டியது நான்தானே, அவனுக்கு என்ன தெரியும். இரண்டு வரி கேட்டார், இவ்வளவு வந்துவிட்டது. எழுதியதைப் படித்துக் காட்டப் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

“மொதல்ல இருந்து வாசி, பிள்ள. பெடல பத்தி எழுதின எடத்துல மட்டும் மெதுவா. எது ஒன்னு, எது ரெண்டுன்னு நான் மாத்தி எழுதியிருந்தா அங்கயே நிறுத்திச் சொல்லு.”